சிவப்புப் பாண்டாவின் உறவினருக்கு அமெரிக்காவில் என்ன வேலை? மரவாழ் பாலூட்டிகள் பரவிய கதை

கேள்வி இதுதான். லெமூர்கள் மடகாஸ்கரில் மட்டும் இருக்கின்றன. அவற்றின் தூரத்து உறவான தேவாங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. கோலா ஆஸ்திரேலியாவில், ஸ்லாத் தென் அமெரிக்காவில், வாலில்லாக் குரங்கான கிப்பன் தென்கிழக்கு ஆசியாவில். தரையில் நாலு அடி நடக்கவே தயங்கும் இந்த மரவாசிகள் கடலையும் மலையையும் தாண்டி இப்படிச் சிதறியது எப்படி? அப்புறம், இவற்றின் புதைபடிவங்கள் ஏன் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஊர்களில் கிடைக்கின்றன?

ஒரு விலங்கு இன்று வாழும் இடம்தான் அதன் பூர்வீகம் என்ற நினைப்பை முதலிலேயே விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மரவாழ் பாலூட்டிகளுக்கு இன்றைய இடம் என்பது பெரும்பாலும் கடைசியாக மிஞ்சிய இடம். காடு பரவியபோது இவையும் பரவின. காடு சுருங்கியபோது அதனோடு ஒரு மூலைக்கு ஒதுங்கின, இல்லையென்றால் அழிந்தன. இதற்கு விலக்குகள் உண்டு. அவைதான் இந்தக் கதையின் சுவையான பகுதி என்பது என் கருத்து.

சிவப்புப் பாண்டாவை எடுத்துக்கொள்வோம். இன்று இமயமலைச் சரிவுகளிலும் அதை ஒட்டிய மியான்மர், சீன மலைகளிலும் மட்டும் வாழ்கிறது. பார்த்தால் அந்த மலைக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிரே என்ற ஊருக்கு அருகே சாலை வேலைக்காகத் தோண்டியபோது பழைய குளம் ஒன்றின் படிவுகள் வெளிப்பட்டன. வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். அதில் கிடைத்த சொற்பப் பற்களை வைத்து, சிவப்புப் பாண்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விலங்குக்கு 2004-இல் பிரிஸ்டினைலூரஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் எலும்புக்கூடுகளே கிடைத்தன. அதே குடும்பத்தின் இன்னொரு கிளையான பாரைலூரஸ் இங்கிலாந்திலிருந்து ஜப்பான் வரை கிடைத்திருக்கிறது. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே கிடைத்த சிமோசயான் என்ற உறவினருக்கு, இன்றைய சிவப்புப் பாண்டா மூங்கிலைப் பிடிக்கப் பயன்படுத்துகிறதே, அந்தப் போலிக் கட்டைவிரல் இருந்தது. அது மூங்கில் தின்றதல்ல, மாமிசம் தின்றது. ஆக, அந்த விரல் முதலில் கிளையைப் பற்றி ஏறுவதற்காக வந்தது, மூங்கிலுக்குப் பிற்பாடுதான் பயன்பட்டது என்கிறார்கள்.

வட அரைக்கோளம் முழுக்கப் பரவியிருந்த ஒரு குடும்பம், குளிர் ஏறிக் காடுகள் மாறியதும் ஒவ்வொரு இடமாக இழந்து கடைசியில் இமயமலையோரம் ஒடுங்கிவிட்டது. இமயமலை அதன் பிறந்த வீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது லெமூரும் தேவாங்கும். இது தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான விஷயம்தான், லெமூரியா என்ற பெயரில். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினர்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அன்றைக்கு அது கிறுக்குத்தனமான யோசனை இல்லை. கண்டங்கள் நகரும் என்று ஜெர்மானிய அறிஞர் வேகனர் சொன்னதே 1912-இல்தான். நகராத கண்டங்களை வைத்துக்கொண்டு யோசித்தால் நடுவில் ஒரு நிலத்தைப் போட்டு அப்புறம் மூழ்கடிப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது. லெமூரியா பின்னால் குமரிக்கண்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது தனிக்கதை, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கண்டப்பெயர்ச்சி நிரூபணமானதும் இன்னொரு சுலபமான விளக்கம் வந்து நின்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன. பிரிந்தபோது லெமூர் அந்தப் பக்கம், தேவாங்கு இந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு நகரத் தொடங்கியது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூர், தேவாங்கு, குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய பிரைமேட் வகையின் சந்தேகமற்ற புதைபடிவங்களோ சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்குகின்றன. டைனோசர்கள் உலவிய காலத்துப் பிரிவினையை, அவை அழிந்த பிறகு தலைகாட்டிய விலங்குகள் மீது சுமத்த முடியாது.

அப்படியானால் தேவாங்கு எங்கிருந்து வந்தது? அதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய பழைய புதைபடிவங்கள் எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்திருக்கின்றன, வயது சுமார் 3.7 கோடி ஆண்டுகள். இன்று ஃபயூமில் மணலும் பாறையும்தான். அன்று அங்கே ஆறுகளும் அடர்ந்த மரங்களும் இருந்தன. ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கும் பொட்டோ, காலாகோ என்ற சிறு மரவாசிகளும் அந்தப் பரம்பரைதான். தேவாங்கின் வழி ஆப்பிரிக்கா, அரேபியா, ஆசியா என்று போகிறது. மூழ்கிய கண்டம் எதுவும் தேவைப்படவில்லை.

மடகாஸ்கர் மட்டும் வேறு மாதிரி. அது எப்போதோ தீவாகிவிட்டது, லெமூர்கள் அதற்குப் பிறகுதான் அங்கே போயின. மொசாம்பிக் கால்வாய் குறுகலான இடத்திலேயே சுமார் 400 கிலோமீட்டர். நீந்திக் கடக்க வாய்ப்பில்லை. மிஞ்சுவது தெப்பம்: பெருவெள்ளத்தில் ஆற்றங்கரை பெயர்ந்து, மரங்களும் கொடிகளும் வேர்மண்ணும் பின்னிய திட்டாகக் கடலுக்குள் போவது. இப்படிப்பட்ட திட்டுகளைக் கடலில் மாலுமிகள் பார்த்திருக்கிறார்கள். 1940-இல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்சன் இதை லாட்டரிச் சீட்டோடு ஒப்பிட்டார். ஒரு சீட்டுக்குப் பரிசு விழும் வாய்ப்பு மிகச் சொற்பம், ஆனால் பல லட்சம் ஆண்டுகள் சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒன்று விழும்.

இதை எதிர்த்தவர்கள் சொன்ன நியாயமான தடை, அந்தக் கால்வாயில் இன்றைய நீரோட்டம் எதிர்த்திசையில், ஆப்பிரிக்காவை நோக்கி ஓடுகிறது என்பது. 2010-இல் ஜேசன் அலியும் மாத்யூ ஹியூபரும் பழைய கடலைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இன்றைய இடத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் காலத்தில், சில சமயங்களில் நீரோட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கரை நோக்கி வேகமாக ஓடியிருக்கிறது. இப்போதும் சிலர் கால்வாயில் அவ்வப்போது நிலப்பாலம் எழுந்தது என்று வாதாடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நடந்தே வர வழி இருந்திருந்தால் யானை, மான், பூனை, பெருங்குரங்கு எல்லாம் ஏன் வரவில்லை? இன்று மடகாஸ்கரில் இருக்கும் பூர்வீகத் தரைப் பாலூட்டிகள், வௌவாலை விட்டுவிட்டால், நான்கே வகைதான்: லெமூர்கள், முள்ளெலி போன்ற டென்ரெக்குகள், ஒரு கூட்டம் எலிகள், ஃபோசா முதலான ஊனுண்ணிகள். நான்கின் மூதாதைகளும் சிறிய உடம்புக்காரர்கள். கொழுத்த வால் குள்ள லெமூர் இன்றும் வறண்ட பருவத்தில் மரப்பொந்துக்குள் மாதக்கணக்கில் உணவில்லாமல் உறங்கிக் கிடக்கிறது. அப்படி ஒரு மூதாதை பொந்தோடு சேர்ந்து மிதந்து போனது என்றால் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

சீட்டு ஒரு முறை விழுந்ததா, இரண்டு முறையா என்பது இன்னொரு விவகாரம். கென்யாவில் கிடைத்த, சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு தாடையைத் தேவாங்கின் உறவு என்று சொல்லி 1967-இல் ப்ரோபொட்டோ என்று பெயரிட்டவர் அதே சிம்சன். இரண்டே ஆண்டுகளில் வேறொருவர் அது பழந்தின்னி வௌவாலின் தாடை என்றார். சிம்சனும் ஏற்றுக்கொண்டார், தாடை பெட்டிக்குள் போனது. 2018-இல் அதை மறுபடி ஆராய்ந்தவர்கள், அது மடகாஸ்கரின் அய்-அய்யுடைய உறவு என்றார்கள். நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டிப் புழுவைத் தோண்டி எடுக்கும் அந்த விசித்திரப் பிராணிதான். இது சரியென்றால் அய்-அய்யின் மூதாதையும் மற்ற லெமூர்களின் மூதாதையும் தனித்தனியாகக் கடல் கடந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பரவல் எப்போது சாத்தியமானது? சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் சட்டென்று சூடானது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் சராசரி வெப்பநிலை 5 டிகிரிக்கும் மேல் ஏறியது. காடு துருவத்தை நோக்கி நகர்ந்தது. ஆசியாவும் அலாஸ்காவும் நெருங்கும் பெரிங் பகுதியும், ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் இணைத்த கிரீன்லாந்து வழியும் மரநிழலோடு கூடிய பாதைகளாயின. உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய டெயில்ஹார்டினா என்ற பிரைமேட் அந்தச் சமயத்தில் சீனா, பெல்ஜியம், அமெரிக்காவின் வயோமிங் என மூன்று கண்டங்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தலைகாட்டுகிறது. எந்தத் திசையில் போனது என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் வடக்கு வழியாகப் போனது என்பதில் இல்லை.

எவ்வளவு வடக்கு? கனடாவின் எல்ஸ்மியர் தீவு இன்று பனிக்கரடியின் நாடு. அங்கே 77 டிகிரி அட்சரேகையை ஒட்டி, 5.2 கோடி ஆண்டு வயதுள்ள இக்னேசியஸ் என்ற மரவாசியின் தாடைகளும் பற்களும் கிடைத்து, இரண்டு இனங்களாக 2023-இல் விவரிக்கப்பட்டன. பிரைமேட்டுகளுக்கு நெருங்கிய உறவு அது. அன்றைக்கு அங்கே சதுப்புக்காடு இருந்தது, முதலை இருந்தது. ஆனால் எவ்வளவு சூடானாலும் பூமியின் சாய்வு மாறாது. குளிர்காலம் முழுக்க சூரியனே எட்டிப் பார்க்காது. தெற்கே இருந்த உறவுகளைவிட இவற்றின் தாடை வலுவானது. இருட்டு மாதங்களில் பழம் கிடைக்காமல் கொட்டையும் விதையும் கடித்தே காலம் தள்ளியிருக்கும் என்று அதை விவரித்தவர்கள் கருதுகிறார்கள்.

அதற்குச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் மெஸ்ஸல் ஏரி. எரிமலைவாயில் தேங்கிய அந்த நீரின் அடியில் உயிர்வாயுவே இல்லாததால் விழுந்த உடல்கள் அழுகாமல் படிந்தன. 2009-இல் பெரிய ஆரவாரத்தோடு அறிமுகமான டார்வினியஸ் என்ற பிரைமேட் அங்கே கிடைத்ததுதான். மனிதனின் மூதாதை என்று கிளப்பிவிட்டது வெறும் விளம்பரம், லெமூர் பக்கத்துக் கிளை என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆனால் அந்தக் கற்பலகை உண்மையிலேயே அருமையானது. மயிரின் நிழல் தெரிகிறது, வயிற்றில் கடைசியாகத் தின்ற இலையும் பழமும் தெரிகின்றன. ஐரோப்பாவின் நடுவில், 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்.

சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அன்டார்க்டிகாவில் பனி ஏறியது, வடக்குக் காடுகள் பின்வாங்கின, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிரைமேட்டுகள் கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டன. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இருந்தவை தப்பின. இன்று பிரைமேட்டுகளை வெப்பமண்டலப் பிராணிகள் என்று நாம் நினைப்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான். டார்சியர் என்ற பெரிய கண் கொண்ட சிறு பிரைமேட் இன்று தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மட்டும் இருக்கிறது. அதன் 4.5 கோடி ஆண்டுப் பழைய பற்கள் கிடைத்தது கிழக்குச் சீனாவில்.

தென் அமெரிக்காவுக்கு வருவோம். அது பல கோடி ஆண்டுகள் தனித் தீவுக்கண்டமாக இருந்தது. அங்குள்ள குரங்குகளின் நெருங்கிய பழைய உறவுகள் வட அமெரிக்காவில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அட்லாண்டிக் அன்று இன்றைவிடக் குறுகல்தான், ஆனாலும் மடகாஸ்கர் பயணத்தைவிடப் பல மடங்கு தூரம். பலருக்கு இதை நம்பவே கஷ்டமாக இருந்தது. பெருவின் அமேசான் பகுதியில் சாண்டா ரோசா என்ற இடத்தில் ஆற்றங்கரைப் படிவைச் சலித்தெடுத்த சிறு பற்கள் இதைத் தீர்த்துவைத்தன. 2015-இல் விவரிக்கப்பட்ட பெருபிதெகஸ் ஆப்பிரிக்கச் சாயலோடு இருந்தது. 2020-இல் அதே இடத்திலிருந்து உகயாலிபிதெகஸ் வந்தது. மொத்தம் நான்கு பற்கள். அவை ஃபயூமில் கிடைக்கும் பாராபிதெசிட் என்ற, இன்று அடியோடு அழிந்துபோன குடும்பத்தின் பற்கள். இன்றைய தென் அமெரிக்கக் குரங்குகளின் மூதாதை இதுவல்ல. ஆக, குறைந்தது இரண்டு குரங்குக் குடும்பங்கள் தனித்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்திருக்கின்றன. கினிப் பன்றி, மரமேறும் முள்ளம்பன்றி ஆகியவற்றின் மூதாதையும் அதே திசையில்தான் வந்தது.

இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்தது பனாமா. கால்வாயை அகலப்படுத்தத் தோண்டியபோது 2.1 கோடி ஆண்டு வயதுள்ள பாறையில் ஏழு குரங்குப் பற்கள் கிடைத்தன. 2016-இல் பனாமாசிபஸ் என்று பெயரிட்டார்கள். அப்போது பனாமா வட அமெரிக்காவின் தெற்கு நுனி. நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். அந்தக் குரங்கின் மூதாதைகள் கடலைத் தாண்டி வந்துவிட்டன. ஆனால் அங்கிருந்து தரைவழியாகவே மெக்சிகோ, டெக்சாஸ் என்று போயிருக்கலாமே, போகவில்லை. காரணம், பனாமாவின் நுனியில் இருந்தது தென் அமெரிக்க வகைக் காடு. அதற்கு வடக்கே மரமும் பழமும் வேறு. கடல் தடுக்காத பிராணியைக் காட்டின் எல்லை தடுத்துவிட்டது. மரவாசிகளின் வரைபடத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

ஸ்லாத் விஷயம் வேறு வகை. இரு விரல் ஸ்லாத்தும் மூவிரல் ஸ்லாத்தும் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தோன்றும். ஆனால் 2019-இல் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவும் புரதமும் சொன்னது வேறு. இரு விரல்காரன் மைலோடான் என்ற தரைவாழ் ராட்சதனுக்கு நெருக்கம். மூவிரல்காரன் மெகதீரியம் முதலான வேறு தரைவாசிகளின் பக்கம். இரண்டும் தனித்தனியாக மரமேறியவை. ஸ்லாத் குடும்பம் அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்முனையான படகோனியா வரை பரவியிருந்தது. தரையில் நடந்தவை எல்லாம் போய்விட்டன, மரத்தில் தொங்கியவை தப்பித்தன. அதனால்தான் ஸ்லாத் என்றாலே இன்று மழைக்காட்டுப் பிராணி.

ஆஸ்திரேலியாவுக்கான வழி அன்டார்க்டிகா. பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டிகள் தென் அமெரிக்காவிலிருந்து, அப்போது காடு மூடியிருந்த அன்டார்க்டிகாவைக் கடந்து ஆஸ்திரேலியா சேர்ந்தன. அன்டார்க்டிகாவை ஒட்டிய சீமோர் தீவில் 1982-இல் அவற்றின் தாடைகள் கிடைத்ததும் ஊகம் உறுதியானது. சிலியின் மூங்கில் புதர்களில் இன்றும் ஏறித் திரியும் மோனிட்டோ டெல் மோன்டே என்ற சிறு பிராணி, பக்கத்தில் வாழும், அதே போலப் பையுடைய அமெரிக்க ஒபோசங்களைவிட ஆஸ்திரேலிய உறவுகளுக்கே நெருக்கம். மரக்கங்காரு நியூகினியிலும் குவீன்ஸ்லாந்தின் வட மழைக்காட்டிலும் வாழ்கிறது. மரத்திலிருந்து இறங்கிய பரம்பரையில் பிறந்து மறுபடி மரமேறியது அது. அழிந்துபோன அதன் இரண்டு இனங்களின் எலும்புகள் ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிய நல்லர்போர் சமவெளியின் குகைகளில் கிடைத்தன. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இல்லை.

தென்கிழக்கு ஆசியாவில் வேலை செய்தது கடல்மட்டம். பனியுகங்களில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் ஆசியாவோடு ஒட்டின. ஒராங்குட்டான் தென் சீனா வரை இருந்தது, இன்று சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டும். சுலவேசி எப்போதும் ஒட்டவில்லை. அதனால் அங்கே மேற்கிலிருந்து வந்த டார்சியரும் கிழக்கிலிருந்து வந்த பையுடைய கஸ்கஸும் ஒரே காட்டில் இருக்கின்றன. வேறெங்கும் காண முடியாத ஜோடி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புதைபடிவம் கிடைக்கவில்லை என்பதால் விலங்கு இல்லை என்று ஆகிவிடாது. மழைக்காட்டு மண் அமிலத்தன்மை உள்ளது, செத்த உடலை நாட்கணக்கில் பூச்சியும் காளானும் முடித்துவிடும், எலும்பும் கரைந்துவிடும். மரவாசிகளின் புதைபடிவங்கள் ஏரியிலும் குகையிலும் ஆற்றுப்படிவிலுமே கிடைக்கின்றன, அதாவது அவை அதிகம் வாழாத விளிம்புகளில். சிம்பன்சியின் முதல் புதைபடிவம் விவரிக்கப்பட்டதே 2005-இல்தான். ஒரு சில பற்கள், வயது 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல், கிடைத்த இடம் கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு. இன்று சிம்பன்சி அங்கே கிடையாது. அவை நிறைந்து வாழும் காங்கோ காட்டிலிருந்து எதுவுமே இல்லை.

இதில் மனிதனின் பங்கையும் கழித்துப் பார்க்க வேண்டும். மடகாஸ்கரில் கொரில்லா அளவு ஆர்க்கியோஇன்ட்ரிஸ் உட்பட குறைந்தது 17 வகைப் பெரிய லெமூர்கள், மனிதன் வந்த பிறகுதான் அழிந்தன. கரீபியத் தீவுகளின் ஸ்லாத்துகள் கண்டத்தில் தரை ஸ்லாத்துகள் அழிந்த பிறகும் பல ஆயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்து, மனிதன் தீவுகளில் குடியேறிய காலத்தை ஒட்டி மறைந்தன. சீனாவின் ஷியான் அருகே சுமார் 2,200 ஆண்டுப் பழைய அரச குடும்பக் கல்லறை ஒன்றில் கிடைத்த கிப்பன் மண்டையோடு, அழிந்துபோன தனி இனம் என்று 2018-இல் அடையாளம் காணப்பட்டு ஜுன்சி இம்பீரியாலிஸ் என்று பெயர் பெற்றது. யாரோ ஒரு சீமாட்டி வளர்த்த செல்லப்பிராணி போலிருக்கிறது. இன்று கிப்பனைக் காட்டில் பார்க்க அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும்.